ஆராய்ச்சியும் சான்றும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





இவ்விழாவிலே பேசும்படி செயலாளர் அவர்கள் கேட்டபோது நான் தயங்கினேன். பண்டிதர்களும் பிரசங்கிகளும் நின்று பேசிய மேடை இது. நானோ இன்னும் பட்டம் பெறாத மாணவன். ஆயினும் மாணவனுக்கே நன்கு தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அது பிழைவிடுதல். நான் விட்ட ஒரு பிழையையும் அதனாற் பெற்ற பாடத்தையும் உங்கள் முன் வைப்பதே இன்றைய என் பேச்சு.

பல்கலைக்கழகத்திலே முதலாம் வருடத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கி. பி. 948 ஆம் ஆண்டிலே புவனேகவாகு என்னும் மந்திரியால் அக்கோயில் கட்டப்பட்டது என்று உறுதியாக எழுதி, ஆதாரமாக ஒரு கோயில் மலரையும், ஒரு சரித்திரப் பாடப் புத்தகத்தையும், இணையத்திற் கண்ட ஒரு கட்டுரையையும் காட்டினேன். மூன்று ஆதாரங்கள் இருக்கின்றனவே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. விரிவுரையாளர் கட்டுரையை வாசித்துவிட்டு என்னை அழைத்து, "தம்பி, மூன்று பேர் இதைக் கண்டு சொன்னார்களா, அல்லது ஒருவர் சொன்னதை மற்ற இரண்டு பேரும் திருப்பிச் சொன்னார்களா? பார்த்துக்கொண்டு வாரும்" என்றார்.

பார்த்தேன். இணையக் கட்டுரை கோயில் மலரை எடுத்து எழுதியது. பாடப் புத்தகத்தின் வசனங்களும் அம்மலரின் வசனங்களே. மலரோ, கைலாயமாலை என்னும் நூலின் முடிவிலே காணப்படும் ஒரு தனிச்செய்யுளை நம்பி நின்றது. அச்செய்யுள் கூறும் சகாப்தம் 870. அதனோடு 78 ஐக் கூட்டினால் 948. ஆகவே என் மூன்று ஆதாரங்களும் ஒரே ஆதாரமாகச் சுருங்கின. அந்த ஒன்றையும் நான் கண்ணாலே கண்டிருக்கவில்லை!

நண்பர்களே, நம் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரு முழ வேலிக்காக நீதிமன்றப் படியேறத் தயங்காதவர்கள் என்று பிறர் நம்மைக் கேலி செய்வதுண்டு. அந்த வேலி வழக்கிலே நாம் எவ்வளவு கவனமாக இருக்கின்றோம்! உறுதியைக் காட்டு என்கின்றோம். யார் எழுதிய உறுதி, எந்த வருடத்து உறுதி, சாட்சி வைத்தவர் யார் என்று கேட்கின்றோம். "எல்லை இதுதான் என்று அவர் சொன்னதாக இவர் சொன்னார்" என்பவனை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் நம் ஊரின் சரித்திரம், கோயிலின் சரித்திரம், முன்னோரின் சரித்திரம் என்று வரும்போது மாத்திரம் உறுதி கேட்பதை மறந்துவிடுகின்றோம். வேலிக்குக் கேட்கும் கேள்வியை வரலாற்றுக்கும் கேட்போம் என்பதே நான் சொல்ல வந்தது.

இது மேல்நாட்டார் கொண்டுவந்த புதிய முறை என்று பெரியோர்கள் எண்ணவேண்டாம். நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். அங்கே வேதபாட வகுப்பிலே, ஒரே சம்பவத்தை நான்கு சுவிசேஷக்காரர் நான்கு விதமாகக் கூறுவதை ஒப்புநோக்கி வாசிக்கப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்தால், மாலையிலே கோயில் மண்டபத்தில் நடந்த சித்தாந்த வகுப்பிலே அதே பழக்கத்தை வேறு பெயராற் கேட்டேன். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போது எடுத்த எடுப்பிலே பதியைப் பற்றிப் பேசவில்லை. அளவையைப் பற்றிப் பேசினார். ஒரு பொருளை நாம் எவ்வாறு அறிகின்றோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ளாமல் அப்பொருளைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்பது அவர் கருத்துப் போலும். காட்சி, கருதல், உரை என அளவை மூன்று. காட்சியிலும் ஐயம் உண்டு; தூரத்தே நிற்பது குற்றியோ மனிதனோ என்று மயங்குவது. திரிபு உண்டு, கயிற்றைப் பாம்பென்று காண்பது. உரையிலோ, சொல்பவன் நம்பத்தக்கவனாதல் வேண்டும். கடவுளை அறிவதற்கே அளவை வகுத்த சமயம் நம்முடையது. ஒரு கட்டுரைக்கு அளவை கேட்பது அச்சமயத்துக்கு விரோதமாகுமா?

இனி, ஒரு நூலைக் கையிலெடுத்தால் என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம். நம் ஊர் நூல்களையே உதாரணமாகக் கொள்வோம்.

முதலாவது கேள்வி: சொல்பவர் எக்காலத்தவர்? யாழ்ப்பாண வைபவமாலை நம் எல்லோரும் பெயரளவிலேனும் அறிந்த நூல். மாதகல் மயில்வாகனப் புலவர் அதனை இயற்றினார். ஒல்லாந்தர் ஆட்சியிலே, 18 ஆம் நூற்றாண்டிலே, ஓர் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளின்படி எழுதப்பட்டது. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619 இல். ஆகவே, கடைசி அரசன் சங்கிலியின் காலத்துக்கே புலவர் நூறு வருடங்களுக்கு மேற் பிந்தியவர். முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் காலத்துக்கோ பல நூற்றாண்டுகள் பிந்தியவர்.

இரண்டாவது கேள்வி: அவர் எப்படி அறிந்தார்? இங்கே புலவருக்கு நாம் நன்றி கூற வேண்டும். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்று தாம் துணைக்கொண்ட நூல்களின் பெயர்களை நூல் மறைக்காமற் கூறுகின்றது. இன்றைய மாணவர் பலர் செய்யாத காரியம் இது! அந்நான்கில் உலாவும் இராசமுறையும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் சாரம் புலவர் வாயிலாகவே நம்மை வந்தடைகின்றது. ஆகவே வைபவமாலையைத் தள்ளிவிடவும் முடியாது. அதன் ஒவ்வொரு வரியையும் கண்ணால் கண்டவன் வாக்காகக் கொள்ளவும் முடியாது.

மூன்றாவது கேள்வி: அவரோடு சம்பந்தமில்லாத வேறொருவர் அதைச் சொல்கின்றாரா? இதுதான் என் விரிவுரையாளர் கேட்ட கேள்வி. நல்லூருக்கே திரும்பி வருவோம். பாளி நூலாகிய சூளவம்சம் 13 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே, யாப்பகூவா மீது படையெடுத்து வந்த பாண்டிய சேனையின் தலைவனாக ஓர் ஆரியச் சக்கரவர்த்தியைக் குறிக்கின்றது. 1344 இலே இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா என்னும் யாத்திரிகர் ஆரியச் சக்கரவர்த்தியை நேரிலே கண்டதாகக் கூறுகின்றார். இவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வேறு மொழியினர், வேறு சமயத்தினர். இருவரும் காட்டும் காலம் 13 ஆம், 14 ஆம் நூற்றாண்டுகள். அப்படியானால் முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரி 948 இலே கோயில் கட்டியது எவ்வாறு? முந்நூறு வருட இடைவெளியை என்ன செய்வது?

இன்னுமொன்று. நல்லூர்க் கோயிலிலே இன்றும் கூறப்படும் கட்டியத்திலே புவனேகபாகு என்னும் பெயர் ஸ்ரீ சங்கபோதி என்னும் விருதோடு வருகின்றது. ஆரியச் சக்கரவர்த்திகள் சூடிய சிங்காசனப் பெயர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்பன. சங்கபோதி என்பதோ சிங்கள அரசர்கள் சூடிய விருது. 1450 ஆம் ஆண்டளவிலே கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் பொருட்டு யாழ்ப்பாணத்தை வென்று இங்கே ஆண்டவன் சபுமல் குமாரன். நாம் செண்பகப்பெருமாள் என்று அழைப்பவன். அவன் பின்னாளிலே கோட்டையில் ஆறாம் புவனேகபாகு என்னும் பெயரோடு முடிசூடினான். அவன் யாழ்ப்பாணத்திலிருந்த காலத்திலேயே கோகில சந்தேசம் என்னும் சிங்களத் தூது நூல் அவனுக்கெனப் பாடப்பட்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த அறிஞர் பலர், கட்டியம் கூறும் புவனேகபாகு இவனே என்றும், கோயிலைக் கட்டியவன் அல்லது புதுக்கியவன் இவனாகலாம் என்றும் முடிவு செய்தனர். வேறு கருத்துடைய அறிஞரும் உளர். நான் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. தினந்தோறும் நம் காதில் விழுகின்ற கட்டியமே ஒரு சான்று என்பதையும், அதை நான் கேட்டும் கேளாதவனாய் இருந்தேன் என்பதையுமே சொல்ல வந்தேன்.

நான்காவது கேள்வி: யாருக்காக, எந்த நோக்கத்தோடு எழுதினார்? இங்கேதான் நமக்குச் சோதனை வருகின்றது. மகாவம்சத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அனைவரும் பெரிய ஆராய்ச்சியாளர்களாகிவிடுகின்றோம். பிக்குமார் எழுதியது, பௌத்த சமயத்தின் புகழுக்காக எழுதியது, அற்புதக் கதைகள் மலிந்தது என்று உடனே சொல்கின்றோம். அது சரியே. ஆனால் அதே கேள்விகளைக் கைலாயமாலையிடம் கேட்கின்றோமா? அதுவும் கோயிலின் புகழுக்காகப் பாடப்பட்டதன்றோ? பிறர் நூலுக்கு ஒரு தராசும் நம் நூலுக்கு வேறொரு தராசும் வைப்பவன் ஆராய்ச்சியாளன் அல்லன், அவன் வழக்காடி. வழக்காடிக்கு வெற்றி வேண்டும்; ஆராய்ச்சியாளனுக்கு உண்மை வேண்டும். நம் நூலை நாமே நிறுத்துப் பார்த்தால், பிறர் வந்து நிறுக்கும்போது வெட்கப்பட நேராது.

அந்நியர் எழுதியவற்றையும் இப்படியே நோக்க வேண்டும். அடியோடு நம்புவதும் பிழை, அடியோடு வெறுப்பதும் பிழை. குவேறோஸ் என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார் கோவாவிலே இருந்துகொண்டு, 1687 ஆம் ஆண்டளவில் இலங்கையைப் பற்றிப் பெரிய நூலொன்றை எழுதி முடித்தார். போர்த்துக்கேயர் இலங்கையை முற்றாக இழந்து அப்போது ஏறக்குறைய முப்பது வருடங்கள். பிறருடைய குறிப்புக்களையும் நினைவுகளையும் கொண்டே அவர் எழுதினார். அவருக்கு நம் சமயத்தின் மீது அன்பு சிறிதும் இல்லை. அப்படிப்பட்டவரே, ஒலிவேறா என்னும் தளபதி 1621 இலே நல்லூரில் வந்து தங்கி, மக்கள் மன்றாடியும் கேளாது பெருங்கோயிலை இடித்தான் என்பதை எழுதிவைத்தார். அவர் அதைப் புகழாகக் கருதி எழுதினார். நமக்கோ அது வாக்குமூலம். தம் பக்கத்தார் செய்ததைத் தாமே ஒப்புக்கொள்பவரின் சாட்சி வலிமை வாய்ந்தது. அவர் பாதிரியார் என்பதற்காக அந்நூலைத் தூக்கியெறிந்திருந்தால் நம் இழப்புக்கே ஒரு முக்கிய சாட்சியை நாம் இழந்திருப்போம்.

பல்தேயுஸ் என்னும் ஒல்லாந்தக் குருவானவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1658 இலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபின் சில வருடங்கள் அவர் இங்கே இருந்தார். 1672 இலே அவருடைய நூல் வெளிவந்தது. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய கோயிற்பற்றுக்களையும் அங்கிருந்த பாடசாலைகளையும் பற்றி அவர் எழுதியவை நேரே கண்டு எழுதியவை. ஆகவே அப்பகுதி பொன் போன்றது. ஆனால் அதே நூலிலே இந்து தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பகுதியிற் பெரும்பாகம், கேரளத்திலே பணிசெய்த பெனிசியோ என்னும் யேசுசபைக் குருவின் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சாப்பந்தியர் என்னும் சுவீடிய அறிஞர் 1933 இலே வெளிப்படுத்தினார். மலையாளக் கரையிலே கேட்டதை யாழ்ப்பாணத்துச் சமயம் என்று எண்ணி வாசித்தவர் எத்தனை பேரோ! ஆகவே, நூல் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிடுதல் ஆகாது. ஒரே நூலுக்குள்ளே கண்டதும் இருக்கும், கேட்டதும் இருக்கும், களவெடுத்ததும் இருக்கும். பகுதி பகுதியாகப் பிரித்தே நோக்குதல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் நாம் கொண்ட கருத்துப் பிழையென்று தெரிந்தால் என்ன செய்வது? பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் 1965 இலே இலண்டனிற் சமர்ப்பித்த ஆய்வேட்டிலே, இலங்கையில் தமிழர் குடியேற்றங்களின் தொடக்கத்தைப் பற்றிச் சில முடிவுகளைக் கூறினார். அவை பிற்காலத்தவை என்னும் அம்முடிவு நம்மவர் பலருக்குக் கசப்பாயிருந்தது. பின்னர் 1980 இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக்குழியிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. அவ்வகழ்விலே முன்னின்றவர் அவரே. 2005 இல் வெளிவந்த தமது நூலிலே, பழைய முடிவுகளிற் சில இனிப் பொருந்தா என்று கூறி அவற்றைத் திருத்தினார். ஊரார் கோபித்தபோது அவர் மாறவில்லை. மண் சான்று கொடுத்தபோது மாறினார். கல்விமானின் மானம் இதுவே என்று எண்ணுகின்றேன்.

பெரியோர்களே, உங்கள் மனத்திலே ஒரு கேள்வி எழலாம்: "தம்பி, கோயிலின் ஆண்டைக் குறைத்தால் பக்தி குறையாதா?" குறையாது என்பதே என் பணிவான விடை. 1621 இலே இடிக்கப்பட்டபின், 18 ஆம் நூற்றாண்டிலே இரகுநாத மாப்பாண முதலியாரால் இன்றைய இடத்திலே மீண்டும் எழுந்த கோயில் அது. ஆவணித் தேரன்று வடம்பிடிக்கும் அடியவன் எவனும் சகாப்தக் கணக்குப் பார்த்து வடம் பிடிப்பதில்லை. முருகனுக்கு நம் பொய் வேண்டியதில்லை. ஆனால் தவறான ஆண்டொன்றை நாம் மேடையிற் கூறி, பிறன் ஒருவன் அதைப் பிழையென்று நாட்டிவிட்டால், அன்று நம் இளைஞரின் நம்பிக்கை குலையும். பக்தியைக் குலைப்பது ஆராய்ச்சியன்று. ஆராயாமற் கூறிய பெருமையே.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் சான்றுகளை இழந்த மக்கள். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே எரியூட்டப்பட்ட நம் பொதுசன நூல்நிலையத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது, பெட்டகங்களிலிருந்த உறுதிகளும் கடிதங்களும் படங்களும் வீட்டோடு விடப்பட்டன. இவ்வளவு இழந்தபின், எஞ்சியது எதுவாயினும் அதை அப்படியே உண்மை என்று கட்டிக்கொள்ள மனம் விரும்புவது இயற்கை. நானும் அப்படியே விரும்பினேன். ஆனால் சான்று குறைந்த இடத்திலேதான் கவனம் கூட வேண்டும். முதல் இழப்பு பிறர் செய்தது. எஞ்சியதிலே பொய்யைக் கலப்போமாயின் இரண்டாவது இழப்பு நாமே செய்வதாகும்.

சிறுப்பிட்டியிலே பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினறியிலே கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினையுங்கள். வீரசோழியத்தை 1881 இலும், கலித்தொகையை 1887 இலும் அவர் அச்சேற்றினார். கையிலெடுக்கவே நொறுங்கும் ஏடுகளின் நிலையைக் கண்டு அவர் வருந்தி எழுதியிருக்கின்றார். அழிகின்றதே என்ற அவசரம் அவருக்கும் இருந்தது. ஆயினும் கிடைத்த ஒரு பிரதியைக் கண்ணை மூடிக்கொண்டு அச்சிடாமல், ஊரூராகப் பிரதி தேடி ஒப்புநோக்கியே பதிப்பித்தார். அழிவின் விளிம்பிலே நின்றும் பொறுமை இழக்காத அப்பெரியார் நம் ஊரவர்.

முடிக்குமுன் இரு வேண்டுகோள்கள்.

வாலிப நண்பர்களுக்கு: இன்று கைத்தொலைபேசியிலே கேள்வியைத் தட்டினால் ஒரு விநாடியிலே விடை வருகின்றது, இயந்திரமே கட்டுரையும் எழுதித் தருகின்றது. விடை வருவது தவறன்று. அவ்விடை எங்கிருந்து வந்தது என்று கேளாதிருப்பதே தவறு. நூறு இடங்களிலே ஒரே வசனம் இருந்தால் அது நூறு சான்றன்று. வேரைத் தேடுங்கள். 2005 இலே தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூல்நிலையத்திலே நம் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் உள. மேற்கோளை நம்பாமல் மூலத்தின் பக்கத்தையே திறந்து பாருங்கள். பார்த்த நூலையே பார்த்ததாக எழுதுங்கள். பாராததைப் பார்த்ததாக எழுதாதீர்கள்.

பெரியோர்களுக்கு: எங்களுக்கு நீங்களே சான்று. உங்கள் வீட்டிலுள்ள பழைய உறுதி, சங்கக் கூட்டக் குறிப்புப் புத்தகம், கோயிற் கணக்குக் கொப்பி, கலியாண அழைப்பிதழ் எதையும் குப்பையோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். நாங்கள் குறிப்புப் புத்தகத்தோடு வந்து கேட்கும்போது, "இது நான் கண்டது, இது என் அப்பு சொல்லக் கேட்டது, இது ஊரிலே பேசிக்கொண்டது" என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் ஒரு முதியவரின் ஒரு மணி நேரப் பேச்சு, பத்து மலர்க் கட்டுரைகளுக்குச் சமம்.

என் கட்டுரையைத் திருத்தி இரண்டாம் முறை கொடுத்தேன். முதற் கட்டுரையிலே "கட்டப்பட்டது" என்று முடிந்த வசனம், இரண்டாவதிலே "என்று கைலாயமாலையின் இறுதிச் செய்யுள் கூறுகின்றது, ஆயினும்" என்று நீண்டது. அந்த "ஆயினும்" என்ற ஒரு சொல்லை எழுத எனக்கு மூன்று கிழமை சென்றது. அம்மூன்று கிழமையிலே நான் கற்றது, அதற்கு முன் மூன்று வருடத்திற் கற்றதிலும் அதிகம்.

என் பேச்சிலும் பிழை இருக்கலாம். சான்றோடு திருத்துங்கள், நன்றியோடு ஏற்பேன்.